எண்பது லட்சம் தையல் துளைகள்: ஸ்வீடனில் ஏழு நாள்

ஜூலை 7, 2025, திங்கள் – ஸ்டாக்ஹோம்

அதிகாலை மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடுகிறது. இறங்க இரவு பத்து மணி ஆகிறது. விடுதித் திரைச்சீலைகள் இந்த வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. ஜூலையில் வருகிறவர்கள் கண்ணை மறைக்கும் துணிப்பட்டை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்வது நல்லது. பகலில் 23 டிகிரி. ஏரிக்காற்று வீசினால் அதுவே குளிர்.

முதல் நிறுத்தம் ஃப்ரெஸ்காத்தி. சுரங்க ரயிலில் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எதிரே உயரமான கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. உச்சியில் செம்பில் செய்த ஒரு சிறு கப்பல். அதுதான் ‘வேகா’. குழந்தைகள் டைனோசரைப் பார்க்க உள்ளே ஓடுகிறார்கள். தூணடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் குறைவு.

ஐரோப்பாவிலிருந்து சைபீரியாவின் வடகரையை ஒட்டியே கிழக்கே போய் பசிபிக் கடலை அடைய முடியும் என்று முதலில் செய்து காட்டிய கப்பல் அது. தலைவர் அடோல்ஃப் எரிக் நோர்டென்ஷெல்ட், கப்பல் தலைவர் லூயி பலாண்டர். 1878 ஜூன் 22 அன்று கார்ல்ஸ்க்ரோனாவிலிருந்து கிளம்பினார்கள். ஆகஸ்ட் 19-இல் ஆசியாவின் வடமுனையான செல்யூஸ்கின் முனை. செப்டம்பர் 28-இல், பேரிங் நீரிணைக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் இருக்கும்போது, கப்பலைச் சுற்றிக் கடல் உறைந்துவிட்டது. சில நாள் முன்னால் வந்திருந்தால் அந்த ஆண்டே பசிபிக்கில் இறங்கியிருக்கலாம். அடுத்த ஆண்டு ஜூலை 18 வரை அசைய முடியவில்லை.

அந்தப் பத்து மாதத்தில் ஒருவரும் சாகவில்லை. துருவப் பயணங்களில் ஸ்கர்வி நோய் ஆளைத் தின்ற காலத்தில் இது சாதாரணமல்ல. இரண்டு ஆண்டுக்கான உணவு ஏற்றியிருந்தார்கள். அதில் பதப்படுத்திய ‘யூட்ரோன்’ பழமும் கிரான்பெரிச் சாறும் முறையாகப் பரிமாறப்பட்டன. யூட்ரோன் என்பது வடக்கத்திச் சதுப்புநிலத்தில் விளையும் மஞ்சள் நிறப் பழம். அதில் வைட்டமின் சி மிகுதி. அந்தப் பெயரே அப்போது உலகத்தில் கிடையாது. வடநாட்டு மாலுமிகளின் பட்டறிவுதான் மருந்தைத் தேர்ந்தெடுத்தது. கரையில் காந்த அளவீட்டுக்குப் பனிக்கட்டியால் ஒரு குடில் கட்டி, கப்பலிலிருந்து அதுவரை பனித்தூண்கள் நட்டுக் கயிறு கட்டினார்கள். பனிப்புயலில் கை நீட்டினால் விரல் தெரியாது. அளவு எடுக்கப் போகிறவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும்.

அந்தப் பழம் இன்றும் கிடைக்கிறது. சூடான வாஃபிள் மேல் ஒரு கரண்டி யூட்ரோன் ஜாமும் கடைந்த பாலேடும் வைத்து, காபியோடு 120 குரோனர். ஸ்வீடன் நாணயமான குரோனர் ஒன்று, 2025 ஜூலையில் ஏறக்குறைய ஒன்பது ரூபாய். பழத்தின் விதை பல்லில் மாட்டும்; புளிப்பு நாவற்பழத்துக்கும் அன்னாசிக்கும் நடுவில்.

வேகா திரும்பிய வழி நமக்கு நெருக்கமானது. யோகோஹாமா, ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக வந்து 1879 டிசம்பரில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் நங்கூரம் போட்டது. நோர்டென்ஷெல்ட் அடிப்படையில் கனிமவியலாளர். இரத்தினபுரியின் மாணிக்கச் சுரங்கங்களைப் பார்க்காமல் போக அவருக்கு மனமில்லை. ஒரு விகாரைக்குப் போனார், சுவடிகளும் வாங்கினார். பிறகு சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா. 1880 ஏப்ரல் 24 இரவு ஸ்டாக்ஹோம் துறைமுகம் முழுக்க விளக்கேற்றி வரவேற்றது. அந்தக் கூட்டத்தில் நின்ற பதினைந்து வயதுப் பையன் ஒருவனைப் பற்றி நாளை மறுநாள்.

ஜூலை 8, செவ்வாய் – உப்சாலா

ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் 40 நிமிடம். ரயிலில் யாரும் பேசுவதில்லை. இரண்டு பேர் இருக்கையில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் நின்றுகொண்டே வருவார். இது கோபமோ ஒதுக்கலோ அல்ல, அடுத்தவருக்கு இடம் விடும் மரியாதை. வழி கேட்டால் நின்று, கைபேசியை எடுத்துப் படம் காட்டி, திருப்பம் வரை கூட வந்து விட்டுப் போகிறார்கள்.

தாவரவியலாளர் லின்னேயஸின் பெயர் தாங்கிய தோட்டம் 1655-இல் தொடங்கியது, ஸ்வீடனிலேயே பழையது. 1745-இல் லின்னேயஸ் வகுத்த ஒழுங்கில் ஏறக்குறைய 1,300 வகைச் செடிகளை இப்போதும் வளர்க்கிறார்கள். ஒரு பக்கம் ஓராண்டுச் செடிகள், மறுபக்கம் பல்லாண்டுச் செடிகள். ஒவ்வொரு பாத்தியும் மகரந்தக் கேசரங்களின் எண்ணிக்கைப்படி. அதனால் பக்கத்துப் பக்கத்துச் செடிகளுக்குள் பல நேரம் உருவ ஒற்றுமை இருக்காது. பூவைப் பிரித்து எண்ணினால்தான் உறவு தெரியும். மாணவன் கையில் லென்ஸோடு குனிய வேண்டும் என்பதற்காகவே செய்த அமைப்பு.

லின்னேயஸ் லாப்லாந்துக்கும் ஸ்வீடன் மாகாணங்களுக்கும் போனவர். தூர தேசங்களுக்குத் தன் மாணவர்களை அனுப்பினார். அப்படிப் போன பதினேழு பேரில் ஏழு பேர் திரும்பவில்லை. முதலில் போனவர் கிறிஸ்தோஃபர் டெர்ன்ஸ்ட்ரோம், 1746-இல். அவருக்குக் கொடுத்த பட்டியலில் தொட்டியில் ஒரு தேயிலைச் செடி, முடியாவிட்டால் விதை, இளவரசிக்கு உயிருள்ள தங்கமீன் என்றெல்லாம் இருந்தன. அந்த ஆண்டே இன்றைய வியட்நாமுக்குத் தெற்கே உள்ள ஒரு தீவில் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி லின்னேயஸை நேரடியாகக் குற்றம் சாட்டினார். அதன் பிறகு கல்யாணமாகாத மாணவர்களை மட்டுமே அனுப்பினார் லின்னேயஸ். அந்தப் பெண்ணின் கோபத்தை இந்த ஊரில் எங்கும் கல்லில் பொறிக்கவில்லை, பொறித்திருக்க வேண்டும்.

தேயிலைக் கதை 1763 வரை நீண்டது. தேயிலை விதையில் எண்ணெய் அதிகம், மாதக்கணக்கில் மூட்டையில் கிடந்தால் கெட்டுவிடும். செடியாகக் கொண்டுவந்தால் உப்புக்காற்றும் எலியும் தின்றன. கப்பல் தலைவர் எக்கெபெர்க் செய்த தீர்வு எளிமையானது. சீனாவை விட்டுக் கிளம்பும்போதே விதையைத் தொட்டி மண்ணில் ஊன்றிவிட்டார். வழியில் முளைத்து, வரும்போது கன்றாகவே வந்து சேர்ந்தது.

கடையில் வரிசை கிடையாது என்று நினைத்து நேரே போய் நிற்கக் கூடாது. பல மருந்துக்கடைகளிலும் பாலாடைக்கட்டி விற்கும் இடங்களிலும் வாசலருகே ஒரு சிறு இயந்திரம் எண் சீட்டு தரும். எடுக்காமல் நின்றால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள், சத்தமும் போட மாட்டார்கள்.

ஏற்றத்தில் கோட்டைக்குக் கீழே இருக்கும் பெரிய தாவரவியல் பூங்கா கார்ல் பீட்டர் துன்பெர்க் பொறுப்பில் இருந்தது. மாணவர்களில் வெகுதூரம் போய் உயிரோடு வந்தவர்களில் ஒருவர் அவர். அந்தக் காலத்து ஜப்பான் டச்சுக்காரரைத் தவிர வேறு ஐரோப்பியரை விடாது. அதனால் துன்பெர்க் தென்னாப்பிரிக்காவில் மூன்று ஆண்டு தங்கி டச்சுமொழி பழகினார், செடியும் சேர்த்தார். 1775-இல் நாகசாகியின் தெஜிமா தீவுக்குள் போனார். தீவை விட்டு வெளியே கால் வைக்க அனுமதி இல்லாத மாதங்களில், கால்நடைக்கு வரும் புல்லுக்கட்டைப் பிரித்துச் செடி தேடினார். 1777 ஜூலையிலிருந்து 1778 பிப்ரவரி வரை இலங்கையில். லின்னேயஸோ 1747-இலேயே இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதிவிட்டார், அந்தத் தீவைக் கண்ணால் காணாமல், பால் ஹெர்மன் உலர்த்தி வைத்த செடிகளைப் பார்த்தே. நம் ஊர் வீட்டுச் சுவர்களில் நீலப்பூவாகத் தொங்கும் துன்பெர்ஜியாக் கொடிக்கு இவர் பெயர்தான். தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்து சோழமண்டலக் கரையின் செடிகளைப் பதிந்த யோஹான் கேர்ஹார்ட் கோனிகும் லின்னேயஸின் மாணவர், ஆனால் ஸ்வீடன்காரர் அல்ல.

ஜூலை 9, புதன் – ஸ்டாக்ஹோம், மழை

காலையிலிருந்து நசநசவென்று மழை, 15 டிகிரி. அடோல்ஃப் ஃப்ரெட்ரிக் தேவாலய வளாகத்தில் பூங்கொத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் பிரதமராக இருந்த ஓலோஃப் பால்மேயின் கல்லறைக்கு. அதே வளாகத்தில் நாடுகாண் பயணி ஸ்வென் ஹெடினின் கல்லறை. வேகா வந்த இரவில் கூட்டத்தில் நின்ற பையன் அவர்தான்.

1895 ஏப்ரலில் நான்கு ஆட்கள், எட்டு ஒட்டகங்களோடு மேற்குச் சீனாவின் தக்லமக்கான் பாலைவனத்துக்குள் இறங்கினார். கடைசி ஏரியில் பத்து நாளுக்கான தண்ணீர் நிரப்பச் சொன்னார்; நிரப்பியது நான்கு நாளுக்கு. தொட்டியைத் தானே தட்டிப் பார்க்காதது அவர் தவறு. இரண்டு நாள் நடந்த பிறகே தெரிந்தது, திரும்பவும் இல்லை. இரண்டு ஆட்கள் இறந்தார்கள், ஒட்டகங்களில் ஒன்றுதான் மிஞ்சியது. கோத்தான் ஆற்றின் வறண்ட படுகையில் ஒரு குட்டையைக் கண்டு குடித்த ஹெடின், பின்னால் விழுந்துகிடந்த தன் ஆள் காசிமுக்குத் தன் காலணிகளில் தண்ணீர் மொண்டு போனார். ஐந்து ஆண்டு கழித்து லூலான் நகரத்தின் இடிபாடுகளைக் கண்டவரும் அவரே. கடைசிக் காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனிக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தார். கல்லறையருகே கூட்டமில்லாததற்கு அதுவும் ஒரு காரணம், அது நியாயமான காரணம்.

மதியம் ‘இன்றைய சாப்பாடு’ 140 குரோனர். அதிலேயே ரொட்டி, காய்கறிக் கலவை, காபி எல்லாம் அடங்கும். இரவில் அதே கடையில் இரட்டிப்பு விலை. கட்டுப்படியாக வேண்டுமென்றால் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சைவம் எல்லா இடத்திலும் உண்டு. கடையில் ‘ஃபில்’ என்று அட்டைப்பெட்டியில் விற்கும் புளித்த பால் நம் தயிர்தான், கொஞ்சம் நீர்த்தது. உப்பு போட்டால் மோர்.

ஜூலை 10, வியாழன் – கிரென்னா போகும் வழி

கிரென்னாவுக்கு ரயில் பாதை இல்லை. ரயிலில் நெஷ்ஷோ, அங்கே மாறி யோன்ஷோப்பிங், அங்கிருந்து பேருந்து. முதல் ரயில் இருபது நிமிடம் தாமதமானதில் நெஷ்ஷோவில் இணைப்பு ரயில் போய்விட்டது. ஒரு மணி நேரக் காத்திருப்பு. நிலையத்துக் காபிக்கடை வாசலில் ‘விடுமுறைக்காக மூடல்’ என்ற கைச்சீட்டு. ஜூலையில் நாட்டில் பாதிப்பேர் விடுமுறையில் இருப்பார்கள்; சிறிய ஊர்ச் சாப்பாட்டுக்கடைகள் மூன்று நான்கு வாரம் திறப்பதே இல்லை. கையில் ரொட்டியும் பழமும் இருக்கட்டும். கழிப்பறைக் கதவு 10 குரோனர், அதுவும் அட்டையில்தான். நாணயம் வைத்துக்கொண்டு நின்ற ஒரு முதியவருக்கு ஒரு பெண் தன் அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்துவிட்டார். அவர் நாணயத்தை நீட்ட, தலையசைத்துப் போய்விட்டார்.

யோன்ஷோப்பிங்கிலிருந்து பேருந்து இடது பக்கம் வெட்டர்ன் ஏரியை வைத்துக்கொண்டே போகிறது. ஸ்வீடனின் இரண்டாவது பெரிய ஏரி. இடப்பக்க ஜன்னல் இருக்கையைப் பிடிக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி – கிரென்னா

இந்த நாளுக்காகத்தான் பயணத் தேதியே குறித்தது. 1897 ஜூலை 11 அன்று ஆர்க்டிக் கடலில் உள்ள ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கு மூலையில் உள்ள டேன்ஸ் தீவிலிருந்து, மூன்று பேர் ஹைட்ரஜன் பலூனில் வடதுருவத்தை நோக்கிக் கிளம்பினார்கள். தலைவர் சலோமோன் ஆகஸ்ட் ஆந்த்ரே, 1854-இல் இந்தக் கிரென்னாவில் பிறந்தவர், காப்புரிமை அலுவலகத்தில் பொறியாளர். கூட நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், புகைப்படக்காரர், 24 வயது. மூன்றாமவர் க்னூட் ஃப்ரேங்கெல், பொறியாளர், உடற்பயிற்சி வீரர். ஊரின் நடுத்தெருவான பிராஹேகாத்தானில் இருக்கும் கிரென்னா அருங்காட்சியகம் அவர்களுடைய பொருள்களைக் காக்கிறது. அரை நாள் ஒதுக்காமல் போகக் கூடாது.

மூன்று பேரும் வீரர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே காட்சிப்பெட்டிகளுக்கு நடுவே நடக்க நடக்க உறைப்பது ஒன்றுதான்: இந்தப் பயணம் பனிமேல் தோற்றதல்ல, மேலே ஏறும் முன்பே பட்டறையில் தோற்றது.

செலவு 1,30,800 குரோனர். பாதியை, அதாவது 65,000, ஆல்ஃபிரட் நோபல் கொடுத்தார். மன்னர் இரண்டாம் ஓஸ்கர் 30,000. வணிகர் ஓஸ்கர் டிக்சன் 30,000. பலூனை பாரிஸில் ஹென்றி லஷாம்பர் தைத்தார். சீனப்பட்டு, மூன்று அடுக்காக ஒட்டி வார்னிஷ் பூசியது. விட்டம் 20.5 மீட்டர், கொள்ளளவு ஏறக்குறைய 4,800 கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோ தூக்கும். மொத்தம் ஐந்து டன்னுக்கு மேல். அந்த வாயுவை அந்தத் தீவிலேயே, இரும்புத்தூளில் கந்தக அமிலம் ஊற்றித் தயாரித்தார்கள். வேதியியல் கணக்குப்படி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிலோ இரும்பும் 4.4 கிலோ அமிலமும் வேண்டும். குறைந்தது 12 டன் இரும்பு, 21 டன் அமிலம், எல்லாம் கப்பலில் ஏற்றிப் போய் இறக்கியது.

பலூன் காற்றோடு காற்றாகப் போகும். அதனால் உள்ளே இருப்பவருக்குக் காற்றே படாது, பாய் கட்டிப் பயனில்லை. ஆந்த்ரேயின் யோசனை, கனமான கயிறுகளைக் கீழே தரையிலும் நீரிலும் இழுத்துக்கொண்டு போவது. உராய்வினால் பலூன் காற்றைவிட மெதுவாகும். அந்த வேக வித்தியாசத்தில் பாய் புடைக்கும், சற்றுத் திருப்பலாம். யோசனையில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் கயிறு எப்போதும் தரையைத் தொட வேண்டும், தொடுகிற தரை கயிற்றைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. துருவப் பனிக்கடல் மேடும் பிளவுமாகக் கிடப்பது.

1896-இல் முதல் முயற்சி. தெற்குக் காற்று வரவே இல்லை, வாயுவை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். அந்தக் காத்திருப்பில் குழுவின் வானிலையாளர் நில்ஸ் எக்ஹோல்ம் ஒன்றைக் கவனித்தார். பட்டுத் துண்டுகளை இணைத்த தையலில் ஏறக்குறைய எண்பது லட்சம் ஊசித்துளைகள். ஒட்டுத்துணி ஒட்டினாலும் வார்னிஷ் அடித்தாலும் துளைகள் வழியே வாயு கசிந்துகொண்டே இருந்தது. நாளைக்கு 68 கிலோ தூக்குத்திறன் போகிறது என்று கணக்கிட்டார். அந்த வேகத்தில் பலூன் 17 நாளுக்கு மேல் மிதக்காது; ஆந்த்ரே சொன்னதோ 30 நாள். இதற்கிடையில் ஆந்த்ரே ரகசியமாகக் கூடுதல் ஹைட்ரஜன் நிரப்பச் சொல்லியிருந்தது எக்ஹோல்முக்குத் தெரியவந்தது. அவர் விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு வந்தவர்தான் ஃப்ரேங்கெல்.

குழுவில் கசிவைப் பற்றி எண்ணோடு பேசியவர் ஒருவர், அவர் வெளியே போனார். 1897-இல் கசிவு தேடிய முறை நுட்பமானது: ஈய அசிடேட் கரைசலில் நனைத்த துணிப்பட்டைகளைப் பலூன்மேல் விரித்தார்கள். வாயுவில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மம் கசிகிற இடத்தில் துணி கறுக்கும். கறுத்த இடமெல்லாம் அடைத்தார்கள். மீதித் துளைகள் இருந்தபடியே இருந்தன.

இழுகயிறு எங்காவது சிக்கினால் கழற்றிவிட வசதியாக, நடுவில் திருகு இணைப்பு வைத்திருந்தார்கள். கயிறு முறுக்கு விழுந்து கிடந்தது. கிளம்பிய சில நிமிடத்தில் பலூன் நீரில் அமிழ, கயிறுகள் இழுபட்டுச் சுழன்று, திருகு தானாகக் கழன்றது. 530 கிலோ கயிறு கரையோரம் போயிற்று. நீரில் மூழ்காமல் தப்ப அவர்கள் கொட்டிய மணல் 210 கிலோ. ஆக 740 கிலோ சில நிமிடத்தில் குறைந்ததும், பலூன் 700 மீட்டருக்கு எழும்பியது. உயரத்தில் வெளியழுத்தம் குறைவு, கசிவு கூடும். திசைதிருப்பும் கருவியும் போயிற்று, வாயுவும் வேகமாகப் போகத் தொடங்கிற்று. பாதுகாப்புக்கென்று வைத்த திருகு, காப்பாற்ற வேண்டிய பொருளையே கழற்றிவிட்டது. இழுவிசைக் கயிற்றில் திருகு இணைப்பு வைக்கிறவர் அது பின்சுழலாமல் பூட்ட ஒரு ஊசி போட வேண்டும் என்பதை இன்று எந்தப் பட்டறைப் பையனும் சொல்வான்.

சுதந்திரமாகப் பறந்தது 10 மணி 29 நிமிடம். பிறகு பனிமூட்டம் துணிமேல் உறைந்து கனமேற, கூடை பனியில் இடித்து இடித்து 41 மணி நேரம் நகர்ந்தது. கொண்டுபோன தபால் புறாக்களில் ஒன்று மட்டும் ஒரு நார்வேக் கப்பலில் சுடப்பட்டுக் கைக்கு வந்தது. ஜூலை 13 தேதியிட்ட சீட்டில் எல்லாரும் நலம் என்று இருந்தது. ஜூலை 14-இல் 82 பாகை 56 கலை வடக்கில் பலூனைப் பனிமேல் இறக்கினார்கள்.

பொருள்களில் அதிக நேரம் நிற்க வைப்பது சமையல் ஏற்பாடு. மேலே அத்தனை ஹைட்ரஜன் இருக்க, கூடையில் தீப்பற்ற வைக்க முடியாது. அதனால் பிரைமஸ் அடுப்பைக் கயிற்றில் எட்டு மீட்டர் கீழே இறக்கி, அங்கேயே பற்றவைக்கும்படி செய்தார்கள். எரிகிறதா என்று மேலிருந்து பார்க்க ஒரு சாய்ந்த கண்ணாடி. இத்தனை கவனத்தோடு அடுப்பை யோசித்தவர்கள் உடையில் கோட்டைவிட்டார்கள்: தோலாடை இல்லை, கம்பளியும் எண்ணெய்த்துணியும்தான். சறுக்கு வண்டிகள் வளையாத கட்டுமானம். ஜூலை 22-இல் நடக்கத் தொடங்கும்போது ஆளுக்கு 200 கிலோவுக்கு மேல் சுமை.

முதலில் கிழக்கே, ஃபிரான்ஸ் ஜோசப் நிலம் என்ற தீவுக்கூட்டத்துக்கு. அவர்கள் கிழக்கே நடக்க, காலடிப் பனிப்பாளம் மேற்கே மிதந்தது. ஆகஸ்ட் 4-இல் திசையை மாற்றி ஏழு தீவுகள் பக்கம் திரும்பினார்கள். மறுபடியும் பனி எதிரே ஓடியது. உணவு துருவக்கரடி, சீல். சில சமயம் பனியடியில் வளரும் பாசியைக் கொதிக்க வைத்துச் சூப். சமையல் ஸ்ட்ரிண்ட்பெர்க் கையில். செப்டம்பரில் நடையை விட்டு, பாளத்தின் மேலேயே பனியால் வீடு கட்டினார்கள். அக்டோபர் 2-இல் பாளம் பிளந்து வீட்டுச் சுவர் போயிற்று. மூன்று நாளில் வெண்தீவு என்ற க்வித்தேயாவில் கரையேறினார்கள். சில நாளில் நாட்குறிப்பு நின்றது.

33 ஆண்டு கழித்து, 1930 ஆகஸ்ட் 6 அன்று நார்வே சீல் வேட்டைக் கப்பல் ‘பிராட்வாக்’ அந்தத் தீவில் ஒதுங்கியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. படகு, சறுக்கு வண்டி, கம்பளிச்சட்டையிலும் காய்ந்த புல்லிலும் பொதிந்த ஆந்த்ரேயின் நாட்குறிப்பு, ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் படச்சுருள்கள். பிரைமஸ் அடுப்பில் எண்ணெய் மிச்சமிருந்தது, பற்றவைத்ததும் எரிந்தது. 240 படங்களில் 93-ஐ ஸ்டாக்ஹோமில் யோன் ஹெர்ட்ஸ்பெர்க் மீட்டெடுத்தார். சுவரில் பெரிதாக்கி மாட்டியிருக்கும் முதல் படம், பனிமேல் சாய்ந்துகிடக்கும் பலூனை இரண்டு பேர் நின்று பார்ப்பது. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

எரிபொருள் இருந்தது, தோட்டா இருந்தது, இறைச்சி இருந்தது. பின் எதனால் செத்தார்கள்? 1952-இல் எர்ன்ஸ்ட் ட்ரைடே என்ற டேனிஷ் மருத்துவர், அரைவேக்காட்டுக் கரடி இறைச்சியிலிருந்த டிரிக்கினெல்லா புழுவைக் காரணமாகச் சொன்னார். மிஞ்சிய கரடித் துணுக்குகளில் புழு இருந்தது. குளிர், அடுப்புப் புகை, ஈயம் என்று வேறு வாதங்களும் உண்டு. மூவரையும் ஒரே வாரத்தில் சாய்க்கப் புழு ஒன்று போதுமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. களைப்பையும் ஈர உடையையும் கழித்துவிட்டுத் தனி ஒரு காரணம் தேடுவது சரியாகப் படவில்லை.

டேன்ஸ் தீவைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: பலூன் கிளம்பிய விர்கோஹாம்னாவில் ஸ்வால்பார்ட் ஆளுநரின் அனுமதியில்லாமல் கரையிறங்கக் கூடாது. ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒருமுறை நுழையும் விசாவோடு போனால் திரும்பி நுழைய முடியாது.

ஜூலை 12, சனி – கிரென்னா

ஊரெல்லாம் புதினா வாசனை. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட ‘போல்காகிரீஸ்’ மிட்டாய் இங்கே பிறந்தது. 1859-இல், ஆந்த்ரேக்கு நாலு வயது இருக்கையில், அமாலியா எரிக்சன் என்ற கைம்பெண் நகரமன்ற அனுமதி வாங்கிச் செய்து விற்கத் தொடங்கினார். இப்போது தெருவில் நாலு அடிக்கு ஒரு கடை, கண்ணாடிக்குப் பின்னால் வேலை நடக்கிறது.

சர்க்கரை, தண்ணீர், சிறிது வினிகர். ஏறக்குறைய 150 டிகிரி வரை கொதிக்கவிட்டு, எண்ணெய் தடவிய மேசையில் ஊற்றுகிறார்கள். வினிகர் குறைந்தால் சர்க்கரை பூத்துப் பொரபொரப்பாகும், கூடினால் பிசுபிசுக்கும். புதினா எண்ணெய் விட்டு, கொக்கியில் மாட்டி இழுத்து மடித்து இழுத்து மடித்து, காற்று உள்ளே போய் வெளுக்கும் வரை விடுவதில்லை. நம் திருவிழா ஜவ்வு மிட்டாய்க்காரர் மூங்கிலில் இழுப்பதும் இதே வேலைதான். வெளுத்த கட்டிமேல் சிவப்புப் பட்டை வைத்து, கயிறாக நீட்டி முறுக்கி, இறுகும்வரை கையால் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தன் எடையிலேயே தட்டையாகிவிடும். ஒரு குச்சி 30 குரோனர். ஈரக்காற்றுக்கு ஆகாது, சென்னைக்குக் கொண்டுபோகிறவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள்.

மதியம் விசிங்ஸோ தீவுக்குப் படகு, ஏறக்குறைய 25 நிமிடம். காற்று கடுமை. தீவில் ஸ்ட்ராபெரியும் புதிய உருளைக்கிழங்கும். சோயிக்கீரை தூவி வெண்ணெயோடு அவித்த கிழங்கு, இந்த வாரத்தின் சிறந்த சாப்பாடு.

ஜூலை 13, ஞாயிறு – சோல்னா

ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் வடக்கு இடுகாடு. 1930 அக்டோபர் 5 அன்று மூவரின் உடலும் ஸ்டாக்ஹோம் வந்தபோது மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் வரவேற்றுப் பேசினார். நகரம் தெருவில் நின்றது. எரியூட்டிச் சாம்பலை இங்கே வைத்தார்கள். இடுகாடு பெரியது, வாசலிலேயே படம் பார்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால் மரங்களுக்கிடையே சுற்ற வேண்டிவரும். ஆல்ஃபிரட் நோபலும் இங்கேதான் இருக்கிறார். பலூன் ஏறுவதற்கு ஏழு மாதம் முன்பே, 1896 டிசம்பரில் இறந்துவிட்டார். தன் பணம் எங்கே போய் இறங்கிற்று என்று அவருக்குத் தெரியாது.

தீவில் கற்கள் அடுக்கிப் புதைத்திருந்தது ஸ்ட்ரிண்ட்பெர்க்கை மட்டும்தான். முதலில் இறந்தவர் அவர், மற்ற இருவர் அடக்கம் செய்திருக்கிறார்கள். உடையில் அன்னா ஷார்லியேயின் படமும் முடியும் வைத்த பதக்கம். நிச்சயிக்கப்பட்ட பெண். பனியிலிருந்து அவளுக்குச் சுருக்கெழுத்தில் கடிதம் எழுதிக்கொண்டே போனார். அனுப்ப வழியில்லாத கடிதங்கள். அன்னா பல ஆண்டு காத்திருந்து ஓர் ஆங்கிலேயரை மணந்தார், 1949-இல் இங்கிலாந்தில் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி, இதயத்தை மட்டும் ஒரு வெள்ளிப் பேழையில் வைத்து, அந்தச் செப்டம்பர் 4 அன்று இங்கே நில்ஸின் அருகில் புதைத்தார்கள். செப்டம்பர் 4 நில்ஸின் பிறந்தநாள். 1897-இல் அதே நாளைப் பனிப்பாளத்தின் மேல், 25 வயது ஆன தினமாக, மூன்று பேரும் கொண்டாடியிருந்தார்கள்.